ஓதுகிறோம், பார்க்க மறுக்கிறோம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



இங்கிலாந்தில் குடியேறி வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் மீது இக்கட்டுரை ஒரு குற்றச்சாட்டை முன்வைக்கிறது. நாம் குர்ஆனை ஓதுகிறோம். குர்ஆன் பார்க்கச் சொல்வதைப் பார்ப்பதில்லை. சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை மதரஸாவில் விடுகிறோம். பிற்பகலில் அவர்களோடு வணிக வளாகத்தின் குளிரூட்டப்பட்ட நடைகூடங்களில் சுற்றுகிறோம். இரவில் ஏதேனும் ஒரு விருந்தில் பிரியாணித் தட்டின்முன் அமர்கிறோம். ஆண்டுக்கொரு முறை விமானமேறித் துபாய்க்கோ இஸ்தான்புல்லுக்கோ செல்கிறோம். ஆனால் வீட்டிலிருந்து அரைமணி நேரத் தொலைவில், நுழைவுக் கட்டணம் ஏதுமின்றி, பல நூற்றாண்டுகளாக நிற்கும் ஒரு காட்டுக்குள் நம் பிள்ளைகளை ஒருமுறைகூட அழைத்துச் சென்றதில்லை. கேட்டால், "அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்கிறோம்.

இந்தக் கேள்வியை அறியாமை என்று சொல்லி மன்னித்துவிடலாம். ஆனால் வானங்களிலும் பூமியிலும் எத்தனையோ அத்தாட்சிகள் இருக்க, அவற்றைப் புறக்கணித்தவர்களாகவே மக்கள் அவற்றைக் கடந்து செல்கிறார்கள் என்று சூரா யூசுஃப் (12:105) வருந்திச் சொல்கிறதே, அந்த வசனத்தை ஓதும் நாமே அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டோமோ என்ற அச்சம் நமக்கு வர வேண்டாமா?

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

முதலில் அந்தக் கேள்விக்கே விடை சொல்வோம். ஆங்கிலேய நாட்டுப்புறத்தின் காடு, நம் ஊர் மலைக்காடுகளைப் போலப் பிரம்மாண்டமானது அன்று. அருவி இல்லை, யானை இல்லை, படமெடுத்து அனுப்பினால் உறவினர் வியக்கும் காட்சி எதுவும் இல்லை. ஓக், ஆஷ், ஹேசல், ஹார்ன்பீம், பீச், ஹாலி முதலிய இம்மண்ணுக்கே உரிய மரங்கள் நெருங்கி நிற்கும் சிறிய வனம் அது. பெரும்பாலானவற்றை ஒரு மணி நேரத்தில் குறுக்கே நடந்து முடித்துவிடலாம்.

இவற்றுள் 1600ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே தொடர்ந்து காடாக இருந்துவரும் இடங்களைப் பழங்காடுகள் என்று தனியாகப் பிரித்துக் குறிக்கிறார்கள். முழு பிரிட்டனின் நிலப்பரப்பில் அவை ஏறத்தாழ 2.5 சதவீதம்தான். இருபதாம் நூற்றாண்டில் இரு உலகப் போர்களும் மரத்துக்கான பெருந்தேவையை உண்டாக்கின. 1919இல் தொடங்கப்பட்ட வனத்துறை ஆணையத்தின் காலத்தில் பல பழங்காடுகள் வெட்டப்பட்டு, விரைவாக வளரும் ஊசியிலை மரங்கள் வரிசை வரிசையாக நடப்பட்டன. எஞ்சியவற்றின் மதிப்பை மக்களுக்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர், கேம்பிரிட்ஜில் பணியாற்றிய தாவரவியல் அறிஞர் ஆலிவர் ராக்கம்.

சஃபோக் மாவட்டத்தில் பிராட்ஃபீல்ட் காடு என்று ஒன்று உண்டு. ஹேசலையும் ஆஷையும் தரையோடு ஒட்டி வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கவிடும் முறையை அங்கே 1252ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை பின்பற்றி வருகிறார்கள். வெட்டிய கட்டை சாவதில்லை. அதிலிருந்து பத்துப் பதினைந்து கழிகள் எழும். சில ஆண்டுகளில் மீண்டும் வெட்டுவார்கள். வேலிப் படலுக்கும், கூரை வேய்வதற்கும், கருவிகளின் கைப்பிடிக்கும், அடுப்புக்கும் அவை பயன்படும். இப்படி வெட்டப்படும் மரம், வெட்டப்படாத மரத்தைவிடப் பல மடங்கு நீண்ட காலம் வாழ்கிறது. நாம் ஸதக்கத்துல் ஜாரியா என்று மேடைகளில் விளக்கும் பொருளை, கொடுக்கக் கொடுக்கக் குறையாத நன்மையை, ஓர் அடிக்கட்டை ஊமையாக நின்று விளக்கிக்கொண்டிருக்கிறது.

பருவத்துக்குப் பருவம் காடு மாறுகிறது. மார்ச் இறுதியில், மரங்கள் இலைவிடும் முன்னரே, தரையில் வெண்ணிற அனிமோனி மலர்கள் பூக்கின்றன. மேலே இலைக்கூரை மூடிவிட்டால் வெயில் கீழே இறங்காது. எனவே அந்தச் சில வாரங்களுக்குள் பூத்து, காய்த்து, முடித்துக்கொள்கின்றன. அந்தச் செடி நூறாண்டுகளில் ஆறடி தூரத்துக்குமேல் பரவுவதில்லை என்பார்கள். அது விரிந்து பூத்திருக்கும் தரை, எத்தனை தலைமுறையாகக் கலைக்கப்படாத தரை என்று எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் ப்ளூபெல் மலர்கள் நிலத்தை நீலமாக்குகின்றன. உலகிலுள்ள இம்மலர்களில் ஏறத்தாழ பாதி இந்த நாட்டில்தான் இருக்கின்றன. ஓக் மரத்தைச் சார்ந்து இங்கே வாழும் உயிரினங்கள் 2,300க்கு மேல் என்றும், அவற்றுள் 300க்கும் அதிகமானவை ஓக்கைத் தவிர வேறெங்கும் வாழ இயலாதவை என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். நிலத்தில் ஊர்வனவும் இறக்கை விரித்துப் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற பொருளில் வரும் 6:38 வசனத்துக்கு, ஒற்றை மரம் எழுதிய விரிவுரை இது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே ஓர் அமைதி இருக்கிறது. பத்து நிமிடம் பேசாமல் நின்றால்தான் அது பிடிபடும். முதலில் எதுவும் கேட்பதில்லை. பிறகு மரங்கொத்தி தட்டும் ஒலி. காய்ந்த சருகில் ஏதோ ஒன்று நகரும் ஒலி. காற்று வரும்போது ஒரு மரத்தின் இலையோசை இன்னொரு மரத்தினுடையதாக இல்லாமல் இருப்பது. எல்லாப் பொருளும் அவனைத் துதிக்கிறது, ஆனால் அத்துதியை நீங்கள் விளங்கிக்கொள்வதில்லை என்ற கருத்தை 17:44இல் எத்தனை முறை ஓதியிருக்கிறோம்! விளங்காவிட்டாலும் காதாவது கொடுக்க வேண்டுமல்லவா? இரைச்சலைத் தவிர வேறெதையும் கேட்டுப் பழகாத செவிக்கு அந்த வசனம் எப்படிப் போய்ச் சேரும்?

ஓதுதலும் பார்த்தலும் ஒன்றே

சிந்தனை என்பது ஆலிம்களுக்கு உரியது, நமக்கு ஓதுதல் போதும் என்று ஒரு வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் வழிமுறை இதற்கு நேர்மாறானது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, தம் சிறிய தாயார் மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஓர் இரவு தங்கினார்கள். இரவின் பிற்பகுதியில் நபி (ஸல்) அவர்கள் எழுந்து அமர்ந்து, வானத்தை நோக்கிவிட்டு, ஆலு இம்ரான் அத்தியாயத்தின் இறுதி வசனங்களை ஓதியதை அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி). கண் வானத்தில், நாவு வசனத்தில். இரண்டையும் பிரிக்கவில்லை. நின்றும் இருந்தும் படுத்தும் அல்லாஹ்வை நினைவுகூர்ந்து, படைப்பைச் சிந்திப்போரைப் பற்றிப் பேசும் அந்த வசனங்களை (3:190-191) ஓதிவிட்டுச் சிந்திக்காதவருக்குக் கேடுதான் என்று அண்ணலார் எச்சரித்ததும் இப்னு ஹிப்பானில் பதிவாகியுள்ளது.

மற்றொரு செய்தியைக் கவனியுங்கள். ஒரு மரம் இருக்கிறது, அதன் இலை உதிர்வதில்லை, அது முஸ்லிமுக்கு உவமை, அது எதுவென்று சொல்லுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் விடுகதை போட்டார்கள். தோழர்களின் எண்ணம் பாலைவெளியிலுள்ள மரங்கள் ஒவ்வொன்றின் மீதும் ஓடியது. அவையில் இளையவரான இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அது பேரீச்ச மரம் என்று தோன்றியது. பெரியவர்கள்முன் பேச வெட்கப்பட்டு அமைதியாக இருந்துவிட்டார்கள் (புகாரி). இந்த ஹதீஸை நாம் அடக்கத்துக்கும் அறிவுக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். அதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். ஓடுவதற்கு அவர்களின் எண்ணத்தில் மரங்கள் இருந்தன. ஒவ்வொரு மரத்தின் இயல்பும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதே கேள்வியை இன்று நம் வார இறுதி மதரஸாவில் கேளுங்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் தன் தெருவில் நிற்கும் மரத்தின் பெயரைச் சொல்ல முடியுமா? கைப்பேசியின் வகைகளை வரிசையாகச் சொல்லும். ஓக்கையும் ஆஷையும் பிரித்தறியாது. அந்தப் பிள்ளையிடம் நல்ல சொல்லுக்கு நல்ல மரம் உவமை, அதன் வேர் உறுதியானது, கிளை வானளாவியது (14:24) என்று கற்பித்தால், உவமையின் ஒரு பாதி அதற்கு வெற்றிடம்தான்.

இலைகள் காய்ந்திருந்த ஒரு மரத்தை அண்ணலார் கைத்தடியால் தட்ட, இலைகள் உதிர்ந்தன. இறைத்துதிச் சொற்கள் அடியானின் பாவங்களை இவ்வாறே உதிர்க்கின்றன என்றார்கள் (திர்மிதி). பாடம் நடத்த மரத்தடியையே வகுப்பறையாக்கிய தூதரின் உம்மத், அக்டோபர் மாத இலையுதிர் காலத்தில் ஜன்னலை மூடிக்கொண்டு அந்த ஹதீஸைப் புத்தகத்தில் படிக்கிறது. கதவைத் திறந்தால் நிமிடத்துக்கு நூறு இலை உதிர்கிறது. அவற்றில் ஒன்றுகூட அவன் அறியாமல் உதிர்வதில்லை என்று 6:59 சொல்கிறது.

நாம் சொல்லும் சாக்குகள்

இனி, காட்டுக்குப் போகாமல் இருக்க நாம் அடுக்கும் காரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, "அது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு" என்பது. இதில் ஒரு பாதி உண்மை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு ஜூலியன் க்ளோவர் தலைமையில் அரசு நடத்திய மதிப்பாய்வு, சிறுபான்மைச் சமூகத்தினர் பலர் நாட்டுப்புறத்தைத் தமக்கு உரியதல்லாத இடமாகவே கருதுகின்றனர் என்று பதிவு செய்தது. 2021 கிறிஸ்துமஸ் நாளில் 'முஸ்லிம் ஹைக்கர்ஸ்' அமைப்பினர் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் நடந்த படங்களை வெளியிட்டபோது, இணையத்தில் இனவெறிச் சொற்கள் கொட்டப்பட்டன. முறைத்துப் பார்ப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் சிலர் முறைக்கிறார்கள் என்பதற்காக அல்லாஹ்வின் பூமியை அவர்களுக்கு எழுதிக்கொடுத்துவிட நமக்கு என்ன உரிமை? பூமி முழுவதும் எனக்குத் தொழுமிடமாகவும் தூய்மைப்படுத்துவதாகவும் ஆக்கப்பட்டுள்ளது என்று அண்ணலார் கூறியதில் (புகாரி) சஃபோக்கும் எஸ்ஸெக்ஸும் விலக்கப்படவில்லை. வோக்கிங் நகருக்கு அருகே, ஹார்செல் பொதுநிலத்தின் மரங்களுக்கிடையே, முதல் உலகப் போரில் உயிர்நீத்த இந்திய முஸ்லிம் வீரர்களுக்காக 1917இல் கட்டிய அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது. அவர்களின் உடல்கள் பின்னர் ப்ரூக்வுட் இராணுவ அடக்கத்தலத்துக்கு மாற்றப்பட்டன. இந்த மண்ணில் நம்மவர் புதைக்கப்பட்டு நூறாண்டு கடந்துவிட்டது. அதன்மேல் நடப்பதற்கு நாம் யாரிடம் அனுமதி கேட்கிறோம்?

இரண்டாவது, "நேரம் வீண்". பாடம், டியூஷன், ஹிஃப்ள் வகுப்பு என்று பிள்ளைகளுக்கு மூச்சுவிட நேரமில்லை என்கிறார்கள். இதே வாய்தான் வணிக வளாகத்தில் நான்கு மணி நேரம் கழித்துவிட்டு, ஒன்றும் வாங்கவில்லை, சும்மா சுற்றினோம் என்கிறது. நபித்துவத்துக்கு முன் ஹிரா குகையில் அண்ணலார் தனித்திருந்த நாள்கள் வீணான நாள்களா? அந்தத் தனிமையில்தான் வஹீ இறங்கியது. நம் பிள்ளைகளுக்கு வஹீ வரப்போவதில்லை. ஆனால் தனிமையும் அமைதியும் ஒருநாளும் அறியாத உள்ளத்தில் தொழுகையின் உள்ளச்சம் மட்டும் எங்கிருந்து வரும்? தக்பீர் கட்டியவுடன் எண்ணம் பத்துத் திசையில் ஓடுகிறதே என்று முறையிடுகிறோம். பத்து நிமிடம் எதையும் தொடாமல், எதையும் கேட்காமல் நிற்கப் பழகாத மனம் தொழுகையில் மட்டும் எப்படி நிற்கும்?

மூன்றாவது, நாய். இது சிரித்து ஒதுக்கக்கூடிய காரணம் அன்று. கீழக்கரை, காயல்பட்டினம், இலங்கை என நம்மில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர்கள். நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால் என்பது நாம் சிறுவயதிலேயே கற்ற சட்டம். இங்கிலாந்தின் காட்டுப்பாதையில் நாயில்லாமல் ஒரு மணி நேரம் நடக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் சட்டத்தை முழுமையாகச் சொல்லுங்கள். உலர்ந்த நாய் உலர்ந்த ஆடையில் உரசிச் சென்றால் அசுத்தம் ஒட்டுவதில்லை. ஈரம் இருந்தால்தான் அந்தச் சட்டம். "தயவுசெய்து நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று இன்முகத்தோடு சொன்னால் பெரும்பாலோர் உடனே பிடித்துக்கொள்வார்கள். அப்படியும் நக்கிவிட்டால், ஏழு முறை கழுவுவதற்கு நீர் வீட்டில் இருக்கிறது. மண் காட்டிலேயே இருக்கிறது. மார்க்கம் கழுவும் வழியைச் சொல்லித் தந்தது, வீட்டுக்குள் ஒளிந்துகொள்வதற்காக அன்று.

நான்காவது, ஜின். மரத்தடியில் நிற்காதே, காட்டில் எதுவோ பிடித்துக்கொள்ளும் என்று ஊரிலிருந்து பெட்டியோடு கொண்டுவந்த அச்சம் சில உம்மாமார்களிடம் இன்னும் இருக்கிறது. இரவு கவியும் நேரத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்பது நபிமொழி (புகாரி), அதைப் பேணுவோம். அந்த நேரத்துக்குச் சொன்ன ஒழுங்கை நண்பகலுக்கு நீட்டுவது மார்க்கமன்று. ஆடுகளோடு திறந்தவெளியில் இருக்கும்போது பாங்குக்காகக் குரலை உயர்த்து, அதைக் கேட்கும் மனிதர், ஜின், மற்றெல்லாப் பொருளும் மறுமையில் உனக்குச் சாட்சி சொல்லும் என்று அபூ ஸயீத் அல்குத்ரி (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் (புகாரி) வெளியை அச்சத்தின் இடமாகக் காட்டவில்லை. சாட்சிகளின் இடமாகக் காட்டுகிறது.

ஐந்தாவது, தொழுகை தவறிவிடும் என்பது. டிசம்பரில் ளுஹருக்கும் மக்ரிபுக்கும் இடையே நான்கு மணி நேரம்கூட இராது என்பது சரிதான். ஆனால் கடைத்தெருவில் உடைமாற்றும் அறையிலும் படிக்கட்டின் அடியிலும் தொழ இடம் தேடும் நாம், காட்டில் இடமில்லை என்பது வேடிக்கை. ஒரு புட்டி நீரில் ஒளூ முடிந்துவிடும். கிப்லா தென்கிழக்கு. ஒரு முஸல்லாவும், அதன்கீழ் விரிக்க ஈரம் ஏறாத ஒரு விரிப்பும் போதும். உம்மாவும் வாப்பாவும் பிள்ளைகளும் ஓக் மரத்தின்கீழ் ஜமாஅத்தாக நிற்கும்போது, மரங்களும் அவனுக்குச் சிரம்பணிகின்றன என்ற 22:18 வசனத்தைப் பிள்ளைக்குத் தனியாக விளக்க வேண்டியிராது.

போகிறவர்கள் செய்யும் அநியாயம்

போகாதவர்களைச் சாடும்போது, போகிறவர்களில் சிலரை விட்டுவிடுவது நீதியாகாது. பெருநாளுக்கு மறுநாள் சில பூங்காக்களிலும் காட்டோரங்களிலும் நம்மவர் கூடிக் கலைந்த இடத்தைப் பார்த்தால் தலைகுனிய வேண்டியிருக்கிறது. அலுமினியத் தட்டில் எரியும் அடுப்பைப் புல்மேல் வைத்துப் புல்லைக் கருக்குவது. எலும்பையும் நெகிழிப் பையையும் அங்கேயே விடுவது. ஒலிபெருக்கியில் நஷீதாகவே இருந்தாலும் காடு முழுவதும் கேட்கும்படி ஒலிக்கவிடுவது. ப்ளூபெல் மலர்களின் நடுவே பிள்ளையை உட்காரவைத்துப் படமெடுப்பது. மிதிபட்ட ப்ளூபெல் இலை மீண்டும் எழுவதில்லை. இலை நசுங்கினால் அந்தச் செடியால் உணவு சேமிக்க முடியாது. மீண்டு வரப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதன் கிழங்கைத் தோண்டியெடுப்பது 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றமும்கூட.

அருளாளனின் அடியார்கள் பூமியில் பணிவோடு நடப்பார்கள் என்று 25:63 சொல்கிறது. குரலைத் தாழ்த்திக்கொள் என்று லுக்மான் (அலை) தம் மகனுக்குச் சொன்னதை 31:19 பதிவு செய்கிறது. ஈமானின் கிளைகளில் கடைசியானது பாதையிலிருந்து தொல்லை தரும் பொருளை அகற்றுவது என்பது நபிமொழி (முஸ்லிம்). மக்கள் நடக்கும் வழியிலும் அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரியது என்பதும் நபிமொழி (முஸ்லிம்). பாதை, நிழல், குரல், நடை என்ற நான்கும் நம் மார்க்கத்தின் பாடத்திட்டத்திலேயே உள்ளவை. அப்படியிருக்க, காட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஓர் ஆங்கிலப் பலகையைப் பார்த்துக் கற்கும் நிலையில் நாம் இருப்பது யாருடைய குறை?

இன்னொரு வகையினரும் உண்டு. பள்ளிவாசலில் மனம் ஒட்டவில்லை, காடே எனக்குப் பள்ளிவாசல் என்று தொழுகையை விட்டுவிட்டு மரத்தைத் தழுவி நிற்போர். அவர்களுக்கும் இக்கட்டுரை ஆதரவு அன்று. சூரியனுக்கும் சந்திரனுக்கும் சிரம்பணியாதீர்கள், அவற்றைப் படைத்தவனுக்கே பணியுங்கள் (41:37) என்பதே நம் எல்லைக்கோடு. அத்தாட்சி என்பது வழிகாட்டிப் பலகை. பலகையைக் காணாமல் நடப்பதும் தவறு, பலகையடியிலேயே குடியிருந்துவிடுவதும் தவறு.

யாரோ போராடிக் காத்த காடு

இந்தக் காடுகள் தாமாக நமக்குக் கிடைத்துவிடவில்லை. 1217ஆம் ஆண்டில் மூன்றாம் ஹென்றியின் பெயரால் வெளியிடப்பட்ட வனப் பட்டயம், மன்னரின் வனங்களில் எளிய மக்கள் கால்நடை மேய்க்கவும் விறகு எடுக்கவும் இருந்த உரிமைகளை மீட்டுத் தந்தது. பிற்காலத்தில் நிலவுடைமையாளர்கள் பொதுநிலங்களை வேலியிட்டு அடைத்தபோது அந்த உரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிபோயின. லண்டனின் வடகிழக்கில் எப்பிங் வனமும் அப்படித்தான் அடைபடத் தொடங்கியது. லவ்டன் கிராமத்தின் தாமஸ் வில்லிங்கேல் போன்ற உழைப்பாளிகள், குளிர்காலத்தில் கிளை வெட்டும் தம் பழைய உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்து நின்றார்கள். நீண்ட வழக்குகளுக்குப் பின் 1878இல் எப்பிங் வனச் சட்டம் பிறந்தது. வேலியில்லாத பொதுவெளியாக அதைக் காப்பது கடமையாக்கப்பட்டது.

இந்த வரலாற்றை ஓதும்போது ஒரு முஸ்லிமுக்கு உமர் (ரலி) நினைவுக்கு வர வேண்டும். வனப் பட்டயத்துக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே, அரசு ஒதுக்கிய மேய்ச்சல் நிலமான 'ஹிமா'வுக்குப் பொறுப்பாளராக ஹுனைய் என்பவரை அவர்கள் நியமித்தார்கள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழைகளை உள்ளே விடு, பெருஞ்செல்வர்களின் மந்தைகளுக்கு அந்தச் சலுகை இல்லை, ஏழையின் கூக்குரலுக்கு அஞ்சு என்னும் கருத்தில் அவருக்கு அறிவுறுத்தினார்கள் (புகாரி). மதீனாவின் புனித எல்லைக்குள் மரங்களை வெட்டக்கூடாது என்று அண்ணலார் தடை விதித்தார்கள். நிலத்தையும் மரத்தையும் பொதுநன்மைக்காகக் காப்பது நமக்கு யாரிடமிருந்தோ வந்த புதுமை அன்று. நாம் கைவிட்டுவிட்ட நம் சொத்து.

இன்றும் இந்தப் போராட்டம் முடியவில்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் நிலத்தில் ஏறத்தாழ 8 சதவீதத்தில் மட்டுமே விரும்பிய திசையில் நடக்கும் உரிமையைத் தந்தது. காடுகளில் பெரும்பாலானவை அதற்குள் வரவில்லை. ஆஷ் மரங்களைக் கொல்லும் பூஞ்சைநோய் 2012இல் இந்நாட்டின் காடுகளில் உறுதிசெய்யப்பட்டு, இன்று பல காடுகளில் அம்மரங்கள் பட்டு நிற்கின்றன. நம் பிள்ளைகள் ஆஷ் என்னும் மரத்தை அறிந்துகொள்வதற்குள் அதில் பெரும்பகுதி போய்விடக்கூடும். இவற்றைப் பற்றி நம் ஜும்ஆ பயான்களில் ஒரு சொல் உண்டா? சாப்பிட்டவன் சமைத்தவனுக்கு நன்றி சொல்ல வேண்டாமா? மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவராகார் என்ற நபிமொழி (அபூதாவூத், திர்மிதி), யாரோ போராடிக் காத்த நிழலில் இளைப்பாறும் நமக்கும் பொருந்தும்.

செய்ய வேண்டியவை

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் மதரஸா உஸ்தாத்மார்களுக்கும் நாம் வைக்கும் கோரிக்கை எளியது. பருவத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு நான்கு முறை, ஒரு சனிக்கிழமை வகுப்பைக் காட்டில் நடத்துங்கள். ஹாரோவில் இருப்போருக்கு ரைஸ்லிப் காடுகள் அருகில் உள்ளன. ஸ்லவ்வில் இருப்போருக்கு பர்ன்ஹாம் பீச்சஸ். இல்ஃபர்டிலும் ஈஸ்ட்ஹாமிலும் இருப்போருக்கு எப்பிங். வாகனம் இல்லாதோர் லவ்டன் நிலையத்தில் இறங்கி எப்பிங் வனத்துக்கு நடந்தே செல்லலாம். மற்ற ஊர்களில் உள்ளோர் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தில் பச்சைப் புள்ளிக்கோடுகளைப் பாருங்கள். அவை யாரும் தடுக்க முடியாத பொது நடைபாதைகள். வழியில் மஞ்சள் அம்புக்குறி அவற்றைக் காட்டும்.

உம்மாமார்களுக்கு ஒரு சொல். நீண்ட கை, நீண்ட கால் உடைய நம் உடை காட்டுக்கு இடையூறு என்று எண்ணாதீர்கள். கோடையில் புல்லில் இருக்கும் உண்ணி கடித்து லைம் நோய் வராமல் இருக்க, உடலை மூடிய உடையைத்தான் மருத்துவர்களும் பரிந்துரைக்கிறார்கள். சேற்றுக்கு உயர்ந்த ரப்பர் காலணி. மழைக்கு ஒரு மேலாடை. சஹனில் இல்லாவிட்டாலும் டப்பாவில் கொஞ்சம் சோறு. அவ்வளவுதான்.

வாப்பாமார்களுக்கு ஒரு சொல். கைப்பேசியை வண்டியிலேயே விட்டுச் செல்லுங்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், தெரியாது, அல்லாஹ் அறிவான், நாம் தேடிப் பார்ப்போம் என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் பிள்ளைக்குப் பெரிய பாடம்.

வசதி உடையோர் மரம் நடும் பணிகளுக்குப் பொருளும் உழைப்பும் கொடுங்கள். முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ, பறவையோ, விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மம் (புகாரி, முஸ்லிம்). அந்த மரம் ஆப்பிரிக்காவிலோ ஆசியாவிலோதான் நடப்பட வேண்டும் என்று ஹதீஸில் இல்லை. ஓக் விதையை உண்ணும் இந்நாட்டுப் பறவையும் அல்லாஹ்வின் பறவைதான். மறுமை நெருங்கும்போது கையில் ஒரு கன்று இருந்தால் முடிந்தவரை அதை நட்டுவிடுங்கள் என்ற கருத்தில் அஹ்மதில் வரும் நபிமொழி, பலனை நாம் காண்போமா என்ற கணக்கையே அழித்துவிடுகிறது. இன்று நட்ட ஓக் முதிர்ந்து நிற்பதைக் காண நாம் இருக்க மாட்டோம். நம் பேரப்பிள்ளையின் பேரப்பிள்ளை அதன்கீழ் முஸல்லா விரிக்கக்கூடும்.

ஓதுவதை நாம் ஒருநாளும் குறைக்க வேண்டாம். ஓதியது எதைச் சுட்டுகிறதோ அதன்முன் ஒருமுறையேனும் போய் நிற்போம். படைத்தவனின் அத்தாட்சிகளைக் கண்டும் காணாமல் கடந்து செல்லும் கூட்டத்திலிருந்து அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் காப்பானாக! ஓதுவதைச் சிந்திக்கும் உள்ளத்தையும், பார்ப்பதைப் படிப்பினையாக்கும் கண்களையும், பூமியில் பணிவோடு நடக்கும் கால்களையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.